அஞ்சலையின் கேட்டில் ஐந்து நாள்

1

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு, சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஒருத்தியை நினைத்து வயிறு எரிகிறேன். வழக்கமாக இது எதிர்ப்பக்கம்தான் நடக்கும். ஊரில் இருப்பவர்கள்தான் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் போட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அதற்காகவே நாங்களும் காரைக் கழுவிவிட்டுப் போட்டோ எடுப்போம்.

இன்று காலை நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். சேர்ந்து பதினேழு வருடமாகிறதாம். கேக்கின் மேல் 'சூ' என்று எழுதியிருந்தது. சுகந்தி என்று கூப்பிட இவர்களுக்கு நாக்கு வளையாது; முதல் வாரமே பெயரைக் கத்தரித்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். கேக்கில் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தபோது போனில் மகளிடமிருந்து செய்தி: "அம்மா, அனுப்பிட்டியா? நாளைக்குக் கடைசி நாள்."

அனுப்பவில்லை. திங்கட்கிழமையே வந்துவிட்டது. அவளுடைய பயிற்சியைப் பற்றிய மதிப்பீடு, நாலு பக்கம். தமிழில் இருப்பதை இங்கிலீஷில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அவள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மணி நேர வேலை. இன்று வியாழன் ஆகிவிட்டது. ஏன் செய்யாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

வயிற்றெரிச்சலுக்குக் காரணமானவள் பெயர் அஞ்சலை. நானும் அவளும் தண்டலம் பக்கத்தில் ஒரே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தோம். என் ஊர் ஒரகடம் பக்கம், அவளுக்கு சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு கிராமம். இரண்டு வீட்டிலும் விவசாயம். இரண்டு வீட்டு நிலத்திலும் இப்போது கம்பெனி நிற்கிறது.

பயிற்சியில் நான்தான் முதல். பாடக்குறிப்பு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. சார்ட் போட்டால் மேடம் அதை வாங்கி ஸ்டாஃப் ரூமில் மாட்டிக்கொள்வார். அஞ்சலையின் கையெழுத்தைப் பார்த்து, கோழியை விட்டுக் கிளறச் சொன்னாயா என்று கேட்பார். பாடம் எடுக்கும்போது "இங்க ஒரு மரம் கீது, அதும் மேல ஒரு காக்கா குந்திகினு கீது" என்பாள். வகுப்பே சிரிக்கும். நான் ஒரே வாரத்தில் 'கீது'வை விட்டுவிட்டு 'இருக்கிறது'க்கு மாறினேன். அவள் மாறவில்லை. அவளுடைய ரெக்கார்டு நோட்டில் பாதி என்னுடையதைப் பார்த்து எழுதியது. இதை இப்போது சொல்லிக்காட்டுவது சின்னப் புத்திதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் கல்யாணம். என் கணவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலுக்கு இங்கே ஆள் தேவைப்பட்டது, வந்துவிட்டோம். வந்த சூட்டில் என் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். பாடத்திட்டம் கேட்டார்கள், அனுப்பினேன். பள்ளி முதல்வரின் கடிதம் உறையில் சீல் வைத்து நேரடியாக வர வேண்டும் என்றார்கள். பயிற்சிப் பள்ளியே அதற்குள் கை மாறிவிட்டது, பழைய முதல்வரைத் தேடி என் தம்பி ஒரு மாதம் அலைந்தான். கடைசியில் ஒரு கடிதம் வந்தது: உங்கள் படிப்பு இங்குள்ள எந்தப் படிப்புக்கும் சமம் என்று சொல்ல இயலவில்லை.

அதனால் நான் இங்கே உதவியாளர். டயப்பர் மாற்றுவேன், தூங்க வைப்பேன், மூக்கு துடைப்பேன். வருடத்துக்கு ஒருமுறை பன்முகக் கலாசார நாளன்று பட்டுப்புடவை கட்டிவரச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சி ஆசிரியைகள் எங்கள் அறைக்கு வருவார்கள். அழுகிற குழந்தையை எப்படித் தூக்குவது, எப்போது தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று அவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். பயிற்சி முடிந்ததும் மதிப்பீட்டுத் தாளில் அறைத் தலைவி கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

அஞ்சலை போடுகிறாள் கையெழுத்து. அந்தக் கோழிக் கிளறல் கையெழுத்து. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்காக இரண்டு அறையில் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறாள். தண்டலம் பக்கத்திலிருந்து பயிற்சி ஆசிரியைகளை அவளிடம்தான் அனுப்புகிறார்கள். ஒடிசா, பீகார், அசாம், நம் தெற்கத்திக் கோவில்பட்டி, உள்ளூர் என்று எல்லா வீட்டுக் குழந்தையும் ஒரே பாயில் உட்காரும் இடம் அது. அங்கே தேறினால் எங்கேயும் தேறலாம் என்று பேராம்.

3

என் மகள் தாரிணிக்கு இருபத்தொரு வயது. இங்கே மழலையர் கல்விதான் படிக்கிறாள். கடைசி வருடம் வெளிநாட்டில் பயிற்சி எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். "உங்க ஊருக்கே போறேனே" என்றாள். உங்க ஊர். இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே அஞ்சலைக்குப் போன் செய்து, நானே கடிதம் எழுதி, நானே ஏற்பாடு செய்தேன். என் கையாலேயே செய்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் போன் வந்தது. "என்னைக் கேட்டில நிக்க வெச்சிட்டாங்கம்மா. கிளாசுக்குள்ள விடல. அஞ்சு நாள் விடமாட்டாங்களாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை அவளிடம் கொடு என்றேன்.

"இன்னாடி, உம் பொண்ணுக்கு மட்டும் நாற்காலி போடணுமா?" என்றாள் அஞ்சலை. "தண்டலத்துலர்ந்து வந்த பொண்ணுங்க ஆறு பேரும் நின்னுகினுதான் கீதுங்க. மொத வாரம் கேட்டுதான். புள்ள அழுவுறது கிளாஸ்ல தெரியும். ஏன் அழுவுதுன்னு கேட்லதான் தெரியும்."

கேட் வாரம் என்று அதற்குப் பெயர். காலை ஐந்தரைக்குப் பள்ளி திறக்கும். பயிற்சி ஆசிரியைகள் கேட் ஓரம் நின்று, குழந்தையை யார் கொண்டுவருகிறார்கள், கையில் கொடுக்கிறார்களா கீழே இறக்கி விடுகிறார்களா, கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பேசக்கூடாது. நோட்டு எடுக்கக்கூடாது. சாயங்காலம் அஞ்சலை கேட்பாள், வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவள் மறுநாளும் நிற்பாள்.

மூன்றாம் நாள் தாரிணி சொன்னாள்: "மாமுனின்னு ஒரு பாப்பா. ஒடிசா. அவ அம்மா பேசவே மாட்டாங்க. வாட்டர் பாட்டிலக் குடுப்பாங்க, மூடியத் திருகிப் பாப்பாங்க. ரெண்டாவது தடவையும் திருகிப் பாத்தா அன்னிக்கு அவங்களுக்கு பி ஷிஃப்ட். சாயங்காலம் கூட்டிட்டுப் போக அவங்க வரமாட்டாங்க, அப்பாதான் வருவார். அன்னிக்குப் பாப்பா மத்தியானம் தூங்காது. அஞ்சலை அத்தை பாத்து வெச்சிருக்காங்க." ஒடியாவில் பெண் குழந்தைகளுக்கு அது செல்லப் பெயராம். நம் காதுக்கு ஜடாமுடியோடு ஒருவர் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். அஞ்சலையின் வருகைப் பதிவேட்டில் குழந்தைகளை வயதுப்படி பிரிக்கவில்லையாம், அம்மாவின் ஷிஃப்ட்படி பிரித்திருக்கிறாளாம். ஏ ஷிஃப்ட் மஞ்சள் அட்டை, பி நீலம், இரவு ஷிஃப்ட் சிவப்பு. திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறும், அட்டைகளும் மாறும். அன்றைக்கு எல்லாக் குழந்தையும் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தாற்போல இருக்கும் என்பதால் பாடமே கிடையாது. மண்ணும் தண்ணீரும்தான். பன்முகச் சூழல் பற்றி இங்கே எத்தனை பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், எத்தனை படம் காட்டியிருப்பார்கள். அம்மா வேலையிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறாள் என்று பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது கூடப் பரவாயில்லை. ஒரு நாள் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "வூட்லதான் கீறேன். இன்னாம்மா?" என்றாள் என் மகள்.

பதினோரு வருடம். ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற பிள்ளைகள் நீச்சலுக்குப் போகும்போது, இவளை நாற்பது நிமிடம் காரில் வைத்துத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். காரில் அழுவாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அப்புறம் பதிலே சொல்லமாட்டாள், காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். அஞ்சலைக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. அதுவும் எந்தத் தமிழ்? நான் மேடத்துக்குப் பயந்து ஒரே வாரத்தில் துடைத்துப் போட்ட தமிழ். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, பத்திக்கொண்டு வந்தது.

4

ஜூலையில் இரண்டு வாரம் லீவ் போட்டுவிட்டுக் கிளம்பினேன். மகளைப் பார்க்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் நான் யார் என்று காட்டப் போனேன்.

அஞ்சலை என்னைக் கேட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடம்பு போட்டிருந்தாள், முன்பல் ஒன்றைக் காணோம். "வந்துட்டியா? நீயும் அஞ்சு நாள் நில்லு. ஆறாவது நாள் ஒரு கிளாஸ் எடு, எங்க பொண்ணுங்க பாக்கட்டும்."

"பதினேழு வருஷமா இதே வேலைதான்டி பாக்கறேன். எனக்கு எதுக்குக் கேட்?" என்றேன்.

"சரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் அடுத்த குழுவைப் பற்றிப் பேச அவள் தண்டலம் போனாள். போகும்போது பள்ளியைப் பார்த்துக்கொள்ளும்படி தாரிணியிடமும் மற்ற பெண்களிடமும் சொன்னாள். நான் விடுவேனா? இன்று நான் எடுக்கிறேன் என்று இறங்கினேன். குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்தேன். கை தட்டிப் பாட்டுச் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எடுத்தேன். மாமுனி என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பயிற்சிப் பெண்கள் ஆறு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். தாரிணி பின்னால் சுவரோரம் நின்றாள். அவள் முகத்தைத்தான் நான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் காப்பகத்தில் 'குடும்பத்தை அறிவோம்' என்று ஒரு படிவம் உண்டு. புதிதாக ஒரு குழந்தை சேர்ந்தால் முதல் வேலை அதுதான். சொந்த ஊர், தாய்மொழி, கும்பிடும் சாமி, சாப்பாடு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இந்த வீட்டில் எவ்வளவு நாளாக. அதைத் தமிழில் எழுதி, பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருந்த பீகார்ப் பெண்ணிடம் ஹிந்தியில் எழுதி வாங்கினேன். அவள் எழுதிவிட்டு, "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டாள். நல்லதுக்குத்தான் என்றேன்.

சாயங்காலம் கேட்டில் நின்று ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கொடுக்கும் முன்னால் தாரிணி என் கையைப் பிடித்தாள். "அம்மா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கலாமே."

"உங்க அத்தைக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் குடுத்தவ நான்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

5

பள்ளியில் முப்பத்து நாலு குழந்தைகள். மறுநாள் காலை பதினொன்று வந்தன. எல்லாம் உள்ளூர்.

கேட்டில் நின்ற பயிற்சிப் பெண்கள் மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். ஏழு மணிக்குக் கோவில்பட்டிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள், குழந்தை இல்லாமல். படிவத்தை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். அஞ்சலையிடம் போய்க் கேட்டாள்: "எக்கா, இதுல எத்தன பேருன்னு எழுதுனா ரூமக் காலி பண்ணச் சொல்லிருவாங்களா? நாங்க ஆறு பேரு இருக்கோம். வீட்டுக்காரர்ட்ட மூணு பேருன்னுதான சொல்லிருக்கோம்."

அஞ்சலை படிவத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "இது நம்ம பேப்பர் இல்லம்மா. கிழிச்சிப் போடு. நீ போயி புள்ளய இட்டுனு வா" என்றாள். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி செஞ்சி வெச்சிகீற."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. ஒரே அறையில் ஷிஃப்ட் மாற்றி ஆறு பேர், ஏழு பேர் இருப்பார்கள், ஒருவர் வேலைக்குப் போனால் அந்தப் பாயில் இன்னொருவர் தூங்குவார் என்று விளக்கினாள். எழுதி வாங்குகிறார்கள் என்றாலே வீட்டுக்காரருக்குப் போகும், ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்குப் போகும், ஸ்டேஷனுக்குப் போகும் என்றுதான் நினைப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பற்றி யார் எழுதிக் கேட்டாலும் நல்லதுக்குக் கேட்டதாக அவர்களுக்கு அனுபவம் இல்லை.

"நான் எதையும் எழுதிக்கிறதில்ல, சுகந்தி. பாத்து வெச்சிக்கிறேன். அதுக்குத்தான் கேட்டு."

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஏ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் நெடுஞ்சாலையில் வந்து நிற்கும். அஞ்சலையும் தாரிணியும் டீக்கடை முன்னால் போய் நின்றார்கள். முந்தின சாயங்காலம் கேட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்த படிவங்கள் தாரிணி கையில் இருந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளுடைய தாளை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அந்தப் பெண்களே கிழித்தார்கள். தாரிணி ஹிந்தியில் நாலு வார்த்தை, ஒடியாவில் இரண்டு வார்த்தை சொன்னாள். எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது. நானும் கிட்டே போகப் போனேன்.

"நீ டீ குடி. பக்கத்துல வராத" என்றாள் அஞ்சலை. "உன்ன ஆபீசருன்னு நெனச்சிகினு கீதுங்க."

கூலிங் கிளாஸைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். டீ குடித்தேன். என் மகள் அவள் பக்கத்தில் தோளோடு தோள் நின்றாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் குழந்தைகளைப் பற்றிய கவலையை விட அந்தத் தலைச் சாய்ப்புதான் அதிகம் வலித்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் இருபத்தாறு வந்தன. அதற்கடுத்த நாள் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. மாமுனி வரவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு படப்பையில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். தாரிணி ஒரகடம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் படப்பை போய்த் தேடினாள். இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் காலை, நான் மெல்பர்னுக்குக் கிளம்பும் நாள், அந்த அம்மா கேட்டுக்கு வந்தாள். பேசவில்லை. வாட்டர் பாட்டிலின் மூடியை இரண்டு தடவை திருகிப் பார்த்தாள். தாரிணியின் கையில் குழந்தையைக் கொடுத்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

6

விமானத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. நாங்கள் மெல்பர்னுக்கு வந்த முதல் வருடம் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். ஏழு பேர். தாரிணியைக் காப்பகத்தில் சேர்க்கப் போனபோது இதே மாதிரி ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை பேர்? மூன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு, வீட்டைப் பார்க்க யாராவது வந்துவிடுவார்களோ என்று ஒரு மாதம் காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் பயந்தேன். அப்படிப் பயந்தவள்தான் அதே தாளை அந்தப் பெண்கள் கையில் திணித்தேன். கேட்டில் ஐந்து நாள் நின்றிருந்தால் எனக்கே ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

சரி, திங்கட்கிழமை வந்த நாலு பக்கத்துக்கு வருகிறேன். தாரிணி இன்னொரு பருவம் அஞ்சலையிடமே இருக்க அனுமதி கேட்டிருக்கிறாள். தன் பங்குக்கு ஒரு அறிக்கையும் அனுப்பியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு இங்கே அவளுடைய பேராசிரியை எழுதிய பதிலை, மதிப்பீடு எவ்வளவு அவசரம் என்று காட்டத் தாரிணி எனக்கும் அனுப்பிவைத்திருந்தாள்: நீ ஒப்புக்கொண்டிருக்கும் தவறு சின்னதல்ல, குடும்பங்கள் பயந்திருக்கின்றன, ஒன்று இடமே மாறியிருக்கிறது, உன்னை அங்கே தொடர விடலாமா என்பதை அந்தப் பள்ளி ஆசிரியையின் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

எந்தத் தவறை ஒப்புக்கொண்டாள்? எனக்குப் புரியவில்லை. அஞ்சலையின் மதிப்பீட்டைப் பிரித்தேன். அதே கையெழுத்து, ஒரு எழுத்து மேலே ஒரு எழுத்து கீழே. ஒன்பதாவது கேள்வி: மாணவி செய்த தவறு ஏதேனும் உண்டா, அதை எப்படிக் கையாண்டார்? அஞ்சலை எழுதியிருந்தாள்:

"படிவம் குடுத்தது தாரிணி இல்லை. அவள் தன் பேரில் போட்டுக்கொண்டாள். குடுத்தவர் பேரை நான் எழுத மாட்டேன், தாரிணி வேண்டாம் என்றாள். குழந்தைகளைத் திரும்பக் கொண்டுவந்தது தாரிணி."

அந்த வரிகளை மறுபடி படித்தேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல், கூடப் படிக்கிறவர்களும் வாத்தியார்களும் படிக்கும் அறிக்கையில் நான்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பதிலின் முதல் மூன்று வரியை நான் விட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. தவறு தாரிணியின் பேரிலேயே இருக்கும். அனுமதி கிடைக்காது. அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள், என் சமையலறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவாள், அஞ்சலை அத்தை போனில் ஒரு குரலாகிவிடுவாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டயப்பர் மாற்றும்போது நினைத்தேன். இன்று கேக் சாப்பிடும்போதும் நினைத்தேன். பெற்ற மகளின் பேரைக் கெடுத்தாவது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று நான் கணக்குப் போட்டேன், சாமி சத்தியமாக.

7

இதை வியாழக்கிழமை எழுதிவிட்டு மூடி வைத்தேன். இன்று அடுத்த வாரம் புதன். மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் எழுதி முடித்தேன். ஒரு வரி விடவில்லை. அஞ்சலை சாதாரணமாக எழுதியதைக்கூட நல்ல இங்கிலீஷில் போட்டேன், பழைய பழக்கம். கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பற்றிய கட்டங்கள். பெயர், முகவரி, மாணவிக்கும் உங்களுக்கும் உள்ள உறவு.

உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதினேன். இடம் மிச்சமிருந்தது. 'ஒன்பதாம் கேள்வியில் வரும் படிவத்தைக் கொடுத்தவளும் நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினேழு வருடத்தில் ஒரு பயிற்சி ஆசிரியையின் மதிப்பீட்டுத் தாளில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

திங்களன்று காப்பகத்தின் மேலாளர் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டார்களாம். காப்பகத்தின் படிவத்தை அனுமதியில்லாமல் வெளியே பயன்படுத்தியதற்கு என் கோப்பில் ஒரு கடிதம் சேர்ந்தது. போகட்டும். தாரிணிக்கு அனுமதி நேற்று வந்தது. போன் செய்து, "ஏம்மா அப்படி எழுதுன?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அப்படியே இருக்கிறது. இன்று காலை அஞ்சலை பேசி அனுப்பிய செய்தியைக் கேட்டபோது இன்னும் கொஞ்சம் ஏறியது.

"இன்னாடி சுகந்தி, பொண்ணு சொல்ச்சி. அழுதுகினே சொல்ச்சி. சரி, அத்த வுடு. ஜனவரில புது பேட்ச்சு வருது. நீயும் வா. இந்த தபா அஞ்சு நாள் நிக்கணும், சொல்லிட்டேன். நின்னின்னாதான் உள்ள வுடுவேன்."

மூன்று தடவை கேட்டேன். பிறகு லீவ் படிவத்தை எடுத்துத் தேதிகளை நிரப்பினேன். லீவ் எதற்கு என்று கேட்டு ஒரு கட்டம் இருந்தது. வழக்கமாகக் குடும்ப விஷயம் என்று எழுதுவேன்.

'பயிற்சி' என்று எழுதிக் கொடுத்தேன்.